விமானப் பட்டமும் விமான உரிமமும்: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த கல்லூரிக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். அட்டையில் விமானி சீருடையில் ஒரு பெண், உள்ளே மூன்றாண்டு 'ஏவியேஷன்' பட்டப்படிப்பின் விவரம், கடைசிப் பக்கத்தில் விண்வெளி வீரர் ஒருவரின் படம். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் இதில் சேர்ந்தால் விமானம் ஓட்டுவாரா, பிற்காலத்தில் விண்வெளித் துறைக்குப் போக வழி உண்டா, இதற்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். மூன்றாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இந்தப் படிப்புக்காக நிலத்தை விற்க வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம். மற்ற இரண்டையும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

விமானத் துறையில் பட்டம் வேறு, உரிமம் வேறு. காக்பிட்டில் உட்காருவதற்கும், பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடுவதற்கும் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்கும் உரிமம் வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமும் அதற்கு ஈடாகாது. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் பர்சத்கஞ்ச் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது; 1980-களிலிருந்து விமானிகளைப் பயிற்றுவித்து வரும் அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியும் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஊர்தான் என்றாலும், முதலாவதில் விமானச் சேவை மேலாண்மையில் பட்டம் பெறுபவர் விமான நிலையத்துக்கும் சரக்கு முனையத்துக்கும் வேலைக்குப் போகிறார்; இரண்டாவதில் பயிற்சி முடிப்பவர்தான் விமானத்தை ஓட்டுகிறார். நீங்கள் அனுப்பிய கையேட்டில் உள்ள படிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. அது கெட்ட படிப்பு என்று சொல்லமாட்டேன். பயணிகள் சேவை, தரைப்பணி, சரக்கு ஆகிய வேலைகளுக்கு அது உதவும். ஆனால் அதே வேலைகளுக்கு வேறு பட்டதாரிகளும் எடுக்கப்படுகிறார்கள் என்பதால், அதற்கு அவர்கள் கேட்கும் கட்டணம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அட்டையில் விமானியின் படத்தைப் போட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மகள் விமானிதான் ஆக வேண்டும் என்றால் அதற்குரிய பாதை இதுதான். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். அவர் முதல் குரூப் மாணவி என்பதால் இதில் சிக்கல் இல்லை. அடுத்தது மருத்துவத் தகுதி. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றும், பிறகு பெங்களூரிலுள்ள விமானப்படையின் விமான மருத்துவக் கழகம் போன்ற குறிப்பிட்ட மையங்களில் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். அதன்பின் விமான வழிசெலுத்தல், வானிலையியல், விமான விதிமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 விழுக்காடு எடுத்துத் தேற வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு உண்டு. ஆங்கிலப் பேச்சுத் திறனில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த நிலை 4 வேண்டும். இவற்றோடு 200 மணி நேரம் பறந்து முடித்து, வயதும் 18 நிறைந்திருந்தால் வணிக விமானி உரிமம் கிடைக்கும்.

இந்த வரிசையில் மருத்துவச் சான்றை முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தம் தந்தையுடன் என்னைப் பார்க்க வந்தார். பயிற்சிப் பள்ளியில் முதல் தவணை கட்டியாகிவிட்டது, இரண்டு தாள்களில் தேறியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் அந்தச் சிறிய அட்டைப் புத்தகத்தை மருத்துவர் அவர் முன் விரித்திருக்கிறார். நமக்கெல்லாம் பளிச்சென்று தெரியும் எண் அவருக்கு வெறும் புள்ளிக் கூட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை இருப்பதை இருபது வயது வரை அவரும் அறியவில்லை, வீட்டிலும் எவரும் அறியவில்லை. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. உங்கள் ஊர்க் கண் மருத்துவரிடமே ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ளக்கூடிய சோதனை அது. கண்ணாடி அணிந்திருப்பது மட்டுமே சிவில் விமானிக்குத் தடையாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அச்சத்தில் பலர் தொடக்கத்திலேயே பின்வாங்கிவிடுகிறார்கள்.

செலவைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். உரிமம் வரைக்குமான பயிற்சிக்கே அரை கோடி ரூபாய் அளவில் ஆகும். ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சிக்கு மேலும் பல லட்சங்கள் வேண்டும். விமான நிறுவனங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களில் மொத்தம் ஒரு கோடியை எட்டிவிடும். கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். உங்கள் விஷயத்தில் அது அந்த நிலமாகத்தான் இருக்கும். உரிமம் கையில் வந்த அன்றே வேலையும் வந்துவிடுவதில்லை. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தியைப் பயிற்சிப் பள்ளிகள் எல்லா இடத்திலும் ஒட்டிவைத்திருக்கின்றன. அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியதையும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதையும் அவை ஒட்டுவதில்லை. அப்போது அனுபவம் மிக்க விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். 200 மணி நேரம் மட்டுமே பறந்த புதியவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஓரிரு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருந்தாலும் தவணை கட்டத் தாங்கும் குடும்பம்தான் இந்த வழியில் இறங்கலாம் என்பது என் கருத்து. பெண் பிள்ளை என்பதால் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலக அளவில் இது மிக அதிகமான விகிதம்.

பணமில்லாமல் விமானியாகும் வழி ஒன்றும் இருக்கிறது. கையேடு அதைச் சொல்லாது. முப்படைகளின் வருங்கால அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம். 2022 முதல் பெண்களும் சேர்க்கப்படுகிறார்கள். பயிற்சிச் செலவு முழுவதும் அரசுடையது. பட்டம் முடித்த பிறகு, விமானப்படை நடத்தும் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் வழியாகவும் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் போகலாம். 2016-இல் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பணியேற்ற மூவரில் ஒருவரான அவனி சதுர்வேதி படித்தது கணினி அறிவியல். இங்கே கண்டிப்பு அதிகம்: உயரம், கால் நீளம், அமர்ந்த நிலையில் உயரம் எல்லாம் அளக்கப்படும்; விமானியாகும் இயல்பு இருக்கிறதா என்று கணினி வழியாகச் சோதிக்கும் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும்.

இனி விண்வெளி. கையேட்டின் கடைசிப் பக்கத்துப் படத்துக்கும் அந்தப் படிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியாவில் விண்வெளி வீரர் ஆவதற்கென்று தனிப் பட்டப்படிப்பு எதுவும் கிடையாது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள்; அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று ஜூலையில் திரும்பிய சுபான்ஷு சுக்லாவும் அந்த நால்வரில் ஒருவர். ஆகவே விண்ணுக்குப் போகும் ஆசை உறுதியாக இருந்தால், இப்போதைக்கு அதற்கு மிக நெருங்கிய வழி நான் மேலே சொன்ன தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றையும் குறிப்பிட்டிருந்தீர்கள். புளோரிடாவின் டேடோனா பீச்சில் உள்ள எம்ப்ரி-ரிடில் உண்மையிலேயே பெயர் பெற்ற விமானப் பல்கலைக்கழகம். அங்கே படித்தவர்கள் பலர் நாசாவின் விண்வெளி வீரர்களாகியிருக்கிறார்கள். அவர்களில் நிக்கோல் ஸ்டாட் 1987-இல் விமானப் பொறியியல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கென்னடி விண்வெளி மையத்தில் விண்ணோடங்களைப் பறப்பதற்குத் தயார்செய்யும் வேலையில் சேர்ந்தார். தரையில் நின்று கவனித்துக்கொண்ட அதே வகை ஓடத்தில் 2009-இல் தாமே ஏறிப் போனார். அவர் அமெரிக்கக் குடிமகள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நாசாவின் விண்வெளி வீரராக அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். ராக்கெட் தொழில்நுட்பம் அங்கே ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதால், மாணவர் விசாவில் படித்து முடித்தவரை அந்த நிறுவனங்கள் வேலைக்கு எடுப்பது மிகக் கடினம். கல்பனா சாவ்லாவும் 1991-இல் குடியுரிமை பெற்ற பிறகுதான் 1994-இல் தேர்வானார்.

விண்ணுக்குப் போவது வேறு, விண்வெளித் துறையில் வேலை செய்வது வேறு. இரண்டாவதற்கு உங்கள் மகளுக்குக் கதவுகள் அகலமாகவே திறந்திருக்கின்றன. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவர். ஆதித்யா-எல்1 திட்டத்தை இயக்கிய செங்கோட்டை நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான குமரி மாவட்டத்து நாராயணனும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். இவர்கள் ஒருவர்கூட 'ஏவியேஷன்' பட்டம் பெற்றவரல்லர். இஸ்ரோ தன் பொறியாளர் பணிக்கு வெளியிடும் அறிவிப்புகளில் பெரும்பாலும் கேட்பது இயந்திரவியல், மின்னணுவியல், கணினி அறிவியல் ஆகிய மூன்றில் ஒன்றில் 65 விழுக்காடு அல்லது 6.84 சராசரிப் புள்ளி. ஏரோநாட்டிகல் படித்தவருக்கு அங்கே இடமே இல்லை என்று பொருளல்ல. எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் நல்ல இடம் பெற்றால், திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் விண்வெளித் துறை 2007 முதல் நடத்திவரும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமான ஐஐஎஸ்டியில் சேரலாம்.

விமானப் பொறியியல்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தால், குரோம்பேட்டையிலுள்ள எம்ஐடி எனப்படும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடுங்கள். 1949-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஏரோநாட்டிகல் படித்த அப்துல் கலாம், விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார் என்ற கதையை எல்லா மேடையிலும் சொல்வார்கள். விமானி வேலை கிடைக்காமல் போனபோது அவர் கையில் முழுமையான ஒரு பொறியியல் பட்டம் இருந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வருவார். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். நிலத்தைப் பற்றிய பேச்சே எழாது.

விமானத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும், ஆனால் கோடி ரூபாய் இல்லை என்பவர்களுக்கு ஏ.எம்.இ. எனப்படும் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தையும் சொல்வது வழக்கம். இதையும் ஏரோநாட்டிகல் பி.இ.யையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புவோர் ஏராளம். பி.இ. படித்தவர் விமானத்தை வடிவமைப்பார், ஏ.எம்.இ. உரிமம் பெற்றவர் விமானக் கொட்டகையான ஹேங்கரில் நின்று அதைப் பழுது பார்த்துப் பறக்க அனுமதிப்பார். அங்கே கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரையப்பட்ட இடம் உண்டு. வேலை முடியும்போது ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் நகராது. அப்படிப்பட்ட பொறுமை உள்ளவருக்கான வேலை இது. பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கு டிஜிசிஏ வழங்கும் சிஏஆர்-147 அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்று இயக்ககத்தின் இணையதளப் பட்டியலில் நீங்களே பார்த்துவிட்டுச் சேருங்கள். நிறுவனம் காட்டும் நகலை நம்ப வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவரும் பொறியியல் படித்தவரும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வெழுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். மத்திய அரசுப் பொதுத்துறை வேலை, நல்ல ஊதியம். ஆனாலும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

இப்போது செய்ய வேண்டியவை மூன்றுதான். கண் மருத்துவரிடம் நிறப் பார்வைச் சோதனை, பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு, தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பம். கையேட்டுக்காரர்கள் மீண்டும் தொலைபேசியில் அழைத்தால், உங்கள் படிப்பை முடித்தால் டிஜிசிஏ உரிமம் கிடைக்குமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கண் சோதனை முடிவு வந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். இந்தக் கடிதத்தை அதற்குள் அவரும் ஒரு முறை படித்துவிடட்டும். அடுத்த கேள்விகளை அவரே கேட்டால் எனக்குப் பதில் சொல்வது எளிதாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்