புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள், மகள்

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் திருகோணமலையில் தரம் 9 படிக்கிறேன். இரண்டாம் தவணையில் விஞ்ஞானத்துக்கு 43 புள்ளிதான் கிடைத்தது. ஆண்டிறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பாடப்புத்தகத்தை மூன்று தரம் வாசித்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடும் போட்டுவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் ஞாபகம் வருகுதில்லை. கணக்குகள் எனக்குப் பிடிபடவே இல்லை. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் படித்தால் போதுமா? அம்மா இன்னொரு ரியூசனுக்கும் போகச் சொல்கிறார். சேரட்டுமா?
- தரம் 9 மாணவி, உப்புவெளி

பதில்:

அன்பு மகள்,

"வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் தரம் வாசிக்கிறபோது அந்தப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதை எல்லாம் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். பரீட்சை மண்டபத்தில் பக்கம் இராது, கேள்வி மட்டும்தான் இருக்கும். கேள்வியிலிருந்து விடையை வெளியே எடுக்கிற பழக்கத்தை நீங்கள் இதுவரை செய்து பார்க்கவில்லை. மூளை குறைவு என்று உங்களை நீங்களே நினைத்துக்கொள்ள இதில் எதுவுமே இல்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்கள் சிறிய பாடப்பகுதிகளைப் படித்தார்கள். சிலவற்றை இரண்டாம் தரமும் வாசித்தார்கள். சிலவற்றை ஒருதரம் வாசித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்ததுதான் கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியிருந்தது: திரும்ப வாசித்ததில் 42 சதவீதமும், பாராமல் எழுதிப் பார்த்ததில் 56 சதவீதமும் நினைவில் நின்றன. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகை ஞாபகம்தான்.

ஆகவே இன்று தொடக்கம் புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள். மனிதச் சுற்றோட்டத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒருதரம் கவனமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெறுந்தாளில் இதயத்தை வரைந்து நான்கு அறைகளையும் குறியுங்கள். இதயத்தின் வலப்பக்கம் தாளில் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். பல பிள்ளைகளுக்குப் பிழைக்கிற முதல் இடம் இது. பிறகு குருதியின் வழியை விரலால் தொடர்ந்து போங்கள். வலது சோணையறை (மேலறை), முக்கூர் வால்வு, வலது இதயவறை (கீழறை), சுவாசப்பை நாடி, சுவாசப்பை, சுவாசப்பை நாளம், இடது சோணையறை, இருகூர் வால்வு, இடது இதயவறை, பெருநாடி. எங்காவது தடக்கி நிற்பீர்கள். நின்ற இடத்திலேயே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த நிமிடத்தில் படிகிறது நாலு தரம் வாசித்தாலும் படியாது. அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருதரம், அடுத்த கிழமை ஒருதரம் அதே படத்தைப் பாராமல் வரையுங்கள்.

அப்படி வரைகிறபோது கேள்விகள் தாமாக வரும். நாடிகள் ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டுபோகும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுபோகும் சுவாசப்பை நாடியில் பிழைவிடும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நாளம் என்று விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அங்கே குழப்பமே இல்லை. இடது இதயவறையின் சுவர் ஏன் தடிப்பு? வலது இதயவறை பக்கத்திலுள்ள சுவாசப்பைக்குத் தள்ளினால் போதும், இடது இதயவறை உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும். வினாத்தாளில் "காரணம் தருக" என்று வருகிற கேள்விகள் பெரும்பாலும் இந்த மாதிரித்தான் இருக்கும்.

அடுத்தது கணக்கு. விடக் கூடாது, மகள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தரம் 9 விஞ்ஞானத்தில் வருகிற கணக்கு பெருக்கலும் பிரித்தலும்தான். பிள்ளைகள் புள்ளியை இழப்பது அலகில்.

அமுக்கத்தைப் பாருங்கள். 450 நியூற்றன் நிறையுள்ள ஒரு பிள்ளை மணலில் நிற்கிறாள். இரண்டு பாதங்களும் நிலத்தைத் தொடும் பரப்பு 250 சதுர சென்ரிமீற்றர். 450ஐ 250ஆல் பிரித்து "1.8 பஸ்கால்" என்று எழுதினால் பிழை. பஸ்கால் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நியூற்றன். ஒரு சதுர மீற்றரில் 10,000 சதுர சென்ரிமீற்றர் இருப்பதால் பரப்பு 0.025 சதுர மீற்றர். அமுக்கம் 18,000 பஸ்கால். அதே பிள்ளை குதிகளில் மட்டும் நின்று, பரப்பு 50 சதுர சென்ரிமீற்றராகக் குறைந்தால் 90,000 பஸ்கால். ஐந்து மடங்கு! உங்கள் உப்புவெளிக் கடற்கரையில் குதியை ஊன்றி நின்று பாருங்கள், கால் எவ்வளவு புதைகிறது என்று. விசை மாறவில்லை, பரப்புத்தான் குறைந்தது.

அடர்த்தியிலும் அதே கதை. ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம் என்பதும் ஒரு கனமீற்றருக்கு 1000 கிலோகிராம் என்பதும் ஒன்றுதான். இந்த ஒரு மாற்றம் கைக்குள் வந்தால் அடர்த்திக் கணக்கில் பாதி முடிந்தது. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிறதே, அதையே நினைத்துக்கொள்ளுங்கள். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், கடல்நீரினது ஏறக்குறைய 1025, பாத்தியில் வற்றி உப்புப் படியத் தொடங்கும் நீரினது ஏறக்குறைய 1200. ஒரே நீரமானியை (மிதக்கவிட்டுத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்றிலும் இட்டால் எதில் கூடுதலாக அமிழும்? அப்படியானால் அதன் அளவிடையில் பெரிய எண் மேலே இருக்குமா, கீழே இருக்குமா? விடையை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே படம் வரைந்து கண்டுபிடியுங்கள்.

கணக்கு எழுதும்போது சமன்பாடு, பிரதியீடு, அலகுடன் விடை என்று மூன்று வரி எழுதுங்கள். கடைசி எண் பிழைத்தாலும் முதல் இரண்டு வரிக்குப் புள்ளி கிடைக்க இடமிருக்கிறது. வெறும் எண் மட்டும் எழுதினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பாடப்புத்தகத்தில் பெட்டிக்குள் இருக்கும் செயற்பாடுகளைப் பல பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம், என்ன கண்டோம், அதிலிருந்து என்ன முடிவு என்று பாராமல் சொல்லிப் பாருங்கள். அமிலம் சேர்த்த நீரை மின்பகுத்தால் மறை மின்வாயான கதோட்டில் ஐதரசன், நேர் மின்வாயான அனோட்டில் ஒட்சிசன், கனவளவு இரண்டுக்கு ஒன்று. எந்த வாயுவுக்கு எரியும் குச்சி, எந்த வாயுவுக்குத் தணற்குச்சி? ஒளிமுறிவில் கதிர்ப் படத்துக்கு அம்புக்குறி முக்கியம். நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் படகில் போனவர்கள் பார்த்திருப்பார்கள், முருகைக்கல் உள்ளதைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். நீரிலிருந்து வளிக்கு வரும் கதிர் செவ்வனை (நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டை) விட்டு விலகி முறிவதால்தான் அப்படி. அந்தப் படத்தைப் பென்சிலாலும் அடிமட்டத்தாலும் ஒருதரம் வரையுங்கள்.

ஐந்து கிழமையை எப்படிப் பிரிப்பது? முதலில் அந்த 43 புள்ளித் தாளை எடுத்து, பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: படிக்கவில்லையா, தெரிந்தும் எழுத வரவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா. எந்தக் காரணம் கூட வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். மூன்று கிழமை பாடங்கள், கடைசி இரண்டு கிழமை பழைய வினாத்தாள்கள், நேரம் வைத்து. வேறு பாடசாலைத் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு ரியூசன் வேண்டாம். அங்கேயும் ஒருவர் விளங்கப்படுத்துவார், உங்களுக்கும் விளங்கும், வீட்டுக்கு வந்து எழுதிப் பார்க்க நேரம் இராது. விளங்காத இடத்தைக் கொப்பியில் குறித்துவைத்து உங்கள் வகுப்பு விஞ்ஞான ஆசிரியரிடமே கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும், நான் மனதாரச் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் ஒன்று. உங்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது. ரியூசனுக்குப் போய்வரும் நேரத்தில், இரவில் இருபது நிமிடம் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேள்வி கேளுங்கள். நீங்கள் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. அவள் சொல்வது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிழைவிட்டால் ஏசாதீர்கள். பரீட்சைக்கு முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் படுக்க விடுங்கள்.

மண்டபத்தில், மகள், கேள்விக்குப் பக்கத்திலுள்ள புள்ளியை முதலில் பாருங்கள். இரண்டு புள்ளி என்றால் இரண்டு விடயம் எழுத வேண்டும். பல்தேர்வில் தெரியாததில் நின்று மினைக்கெடாமல் அடையாளமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் விடை குறித்துவிடுங்கள்.