ஒரே பிளாஸ்டிக்கில் ஒரு பை நீள்கிறது, இன்னொன்று ஏன் மொறமொறக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒட்டுக்கடையில் தே (தேநீர்) கட்டித் தரும் பையும் முறுக்குப் பாக்கெட்டும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பாலிப்ரொப்பிலீன். வேறுபாடு தயாரிப்பில்.

பாலிப்ரொப்பிலீன் ஒரு பாலிமர். பாலிமர் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலி. உருகிய நிலையில் சங்கிலிகள் கன்னாபின்னாவென்று பின்னிக் கிடக்கும். தே பைக்கு அதைக் குழாயாக ஊதி, சட்டென்று ஆறவைக்கிறார்கள். சங்கிலிகள் பெரும்பாலும் சுருண்டே நிற்பதால் இழுத்தால் நீள்கிறது. மெதுவாக ஆறினால், சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய படிகங்கள் பெரிதாகி பிளாஸ்டிக் தாள் மங்கிவிடும்.

முறுக்குத் தாளையோ நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பல மடங்கு இழுக்கிறார்கள். சங்கிலிகள் நிமிர்ந்து படிந்துவிடும்; விறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. பல்லால் கடித்தாலும் திறக்காது. ஓரத்தில் சின்ன வெட்டு விழட்டும், சர்ரென்று கிழிந்து முறுக்கெல்லாம் தரையில்!

ஒரே திசையில் மட்டும் இழுத்தால் வாழையிலை மாதிரி, நரம்பின் போக்கில் சுலபமாகக் கிழியும். பொட்டலம் கட்டும் ராஃபியா கயிறு அப்படித்தான் நார்நாராகப் பிரிகிறது.

அப்புறம், தடித்த தாள்தான் பலமானது என்று பலர் நினைக்கிறார்கள். இரு திசையிலும் இழுத்த 20 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாள், இழுக்காத 40 மைக்ரான் தாளைவிட அதிக இழுவிசை தாங்கும்.