கேஸ் மூடியாச்சு என்று போலீஸ் சொன்னாலும் யூ விசா சான்றைக் கேட்கலாம்

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: தம்பி வேலை பார்த்த கடையில் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் அவன் மண்டையை உடைத்துவிட்டுப் பணத்தோடு போய்விட்டார்கள், போலீஸிடம் தெரிந்ததெல்லாம் சொன்னான், யாரும் பிடிபடவில்லை, இப்போது யூ விசாவுக்கான (குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவிய வெளிநாட்டவருக்கு அமெரிக்கா தரும் விசா) படிவத்தில் கையெழுத்து கேட்டால் கவுண்டரிலேயே “கேஸ் மூடியாச்சு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இனி வழி இருக்கிறதா?

இருக்கிறது. குற்றவாளி பிடிபட வேண்டும், தண்டனை ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவே இல்லை. ஐ-918 சப்ளிமெண்ட் பி என்கிற அந்தப் படிவத்தில் அதிகாரி சொல்வது இவ்வளவுதான்: இந்தக் குற்றம் நடந்தது, இவர் பாதிக்கப்பட்டவர், இவருக்கு விவரம் தெரியும், விசாரணைக்கு உதவினார். விசா கொடுப்பதும் மறுப்பதும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸின் பொறுப்பு. கையெழுத்துப் போட்டால் விசாவையே கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தயங்கும் அதிகாரிகள் உண்டு, அதனால் இந்த வித்தியாசத்தைக் கையெழுத்து கேட்டு எழுதும் கடிதத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கவுண்டரில் இருப்பவருக்குக் கையெழுத்துப் போடவும் அதிகாரம் இல்லை, மறுக்கவும் இல்லை. துறைத் தலைவர் அல்லது அவர் இதற்கென்று நியமித்த மேலதிகாரிதான் போட வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேட்டு, அவர் பெயருக்கே எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 679.10-ஆவது பிரிவு உங்களுக்குப் பெரிய பலம். கேட்ட விவரத்தைத் தர மறுத்தால் ஒழிய, பாதிக்கப்பட்டவர் உதவியவர் என்றே கருத வேண்டும் என்கிறது அது, பதில் சொல்ல 30 நாள் கெடுவும் வைக்கிறது. எல்லா மாநிலத்திலும் இப்படிச் சட்டம் கிடையாது.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம். யூ விசாவுக்குத் தகுதியான குற்றங்களின் பட்டியலில் கொள்ளை என்ற பெயரே இல்லை! ஆனால் கடுமையான தாக்குதல் இருக்கிறது. துப்பாக்கியைக் காட்டி மிரட்டி மண்டையையும் உடைத்தது அந்தத் தாக்குதலுக்குள் வருகிறது என்பதைப் போலீஸ் ரிப்போர்ட்டில் உள்ள வரிகளையும் மருத்துவமனைக் காகிதங்களையும் காட்டி விளக்க வேண்டும், படிவத்திலும் அந்தக் கட்டத்தில்தான் டிக் விழ வேண்டும். படிவத்தை முன்கூட்டியே நிரப்பி, கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் கொடுத்தால் வேலை சுலபம். இதை ஒரு குடிவரவு வக்கீலோ இலவச சட்ட உதவி மையமோ செய்வது நல்லது. யூஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போடும் விசா மனு பிறகு நிராகரிக்கப்பட்டால் நாடுகடத்தல் வழக்கு வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் முழு மனுவையும் தனியாகப் போடாதீர்கள்.

கையெழுத்து விழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும், தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. அதனால் தம்பியின் வாக்குமூலம், காயத்தின் பாதிப்பைச் சொல்லும் மருத்துவர் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். அப்புறம், வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் இந்த விசா, வரிசை பல வருடம் நீள்கிறது. இடையில் போலீஸ் மறுபடி கூப்பிட்டால் தம்பி போயே ஆக வேண்டும், நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் கொடுத்த சான்றைத் திரும்பப் பெறலாம்.

பணம் கொடுத்தால் கேஸ் ‘ஏற்பாடு’ செய்கிறோம் என்று சொல்லும் தரகர் பக்கமே போகாதீர்கள். இந்த விசாவுக்காகக் கடைகளில் போலிக் கொள்ளை நடத்தியதாக மாசசூசெட்ஸில் 2023-இல் மத்திய அரசே வழக்குப் போட்டது. இப்படிப்பட்ட மோசடியால் உண்மையில் அடிபட்டவர்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

தம்பிமேல் ஏற்கெனவே நாடுகடத்தல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் கலிஃபோர்னியாவில் அந்த 30 நாள் கெடு 7 நாளாகக் குறையும். அப்படியென்றால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி, நீதிமன்ற நோட்டீஸின் நகலையும் கூடவே இணையுங்கள்.