முதலுதவிப் பெட்டி: கேள்வி பதில்

கே: அக்கா, ரெடிமேட் பெட்டி வாங்கலாமா, நாமே சேர்க்கலாமா?

ப: நாமே சேர்ப்பதுதான் என் கட்சி. ரெடிமேட் பெட்டிகளில் பெரும்பாலும் சின்னச் சின்ன பிளாஸ்டரை அடுக்கி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். நிஜமாகக் கைகொடுப்பது ரத்தத்தை நிறுத்தும் சாமான்கள்: ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) காஸ் துணி கொஞ்சம் தாராளமாக, 7.5 செ.மீ., 10 செ.மீ. ரோலர் பேண்டேஜ், முக்கோணக் கட்டுத்துணி, ஒட்டும் டேப். அப்புறம் முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கச் சாமணம், கையுறை. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், லேடெக்ஸ் சிலருக்கு அலர்ஜி. பஞ்சு வேண்டாம். இழை புண்ணில் ஒட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கே: புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு பெரிய பாட்டில் வாங்க?

ப: வேண்டாம். சுத்தமான குழாய்த் தண்ணீர் போதும்.

கே: அதெப்படி? நுரை பொங்கினால் கிருமி சாகிறது என்றுதானே அர்த்தம்?

ப: இல்லை. ரத்தத்திலும் திசுவிலும் கேட்டலேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. கிருமியே இல்லாத ரத்தத்தில் ஊற்றினாலும் பொங்கும்.

கே: எங்கள் வீட்டில் காலங்காலமாக அதைத்தான் ஊற்றுகிறோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லையே?

ப: பெரும்பாலான சிராய்ப்பு எதை ஊற்றினாலும் ஆறிவிடும், அந்தப் பெருமை பாட்டிலுக்குப் போகிறது! பெராக்சைடு கிருமியைக் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. புண்ணை ஆற்ற வரும் செல்களையும் சேர்த்துக் கெடுக்கிறது என்கிறேன். ஓடும் தண்ணீரில் சில நிமிடம் கழுவுங்கள், சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்பு.

கே: அப்போ ஸ்பிரிட்?

ப: சாமணத்தைத் துடைக்க. புண்ணுக்குள் வேண்டாம்.

கே: தீக்காயத்துக்கு எந்தக் களிம்பு நல்லது?

ப: முதலில் குழாயைத் திறங்கள். 20 நிமிடம் ஓடும் தண்ணீர். ஐஸ் கூடாது, பற்பசை கூடாது. வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஒட்டாத டிரெஸ்ஸிங். பஞ்சு இங்கேயும் கூடாது.

கே: குழந்தைக்கு ஆஸ்பிரின் வைக்கலாமா?

ப: 16 வயதுக்குக் கீழ், மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது. அரிதாக வந்தாலும் ரேய் நோய்க்குறி மூளையையும் கல்லீரலையும் தாக்கும். மற்ற மாத்திரைகளுக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

கே: பெட்டியைக் குளியலறையில் வைக்கலாமா?

ப: ஈரம். வேண்டாம்.

கே: பஞ்சு உருண்டை எத்தனை வைக்கணும்?

ப: முதல் பதிலைப் படிக்கவும்.

கே: வாங்கிவிட்ட பெராக்சைடை என்ன செய்ய, அக்கா?

ப: துணியில் பட்ட ரத்தக் கறை போகும். வெள்ளைத் துணியாக இருக்கட்டும், சாயம் வெளுத்தால் என்னைக் கேட்காதீர்கள்.