மகனுக்கு 27 வயது. அவனுக்காகக் கையெழுத்துப் போடுவது யார்?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேச்சு கிடையாது, குளிப்பாட்டுவது முதல் ஊட்டிவிடுவது வரை எல்லாம் நான்தான். எனக்கு 58 வயது, இப்போதெல்லாம் அவனைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கணவர் அரசு அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசு கொடுக்கும் மாதத் தொகை பென்ஷன் குடும்பத்துக்குக் கிடையாது என்று தெருவில் சொன்னார்கள், அதனால் இதுவரை கேட்கவே இல்லை. போன மாதம் அவன் பேரில் கணக்குத் தொடங்கப் போனோம். கார்டியன் சான்றிதழ் கேட்டு வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகணும், செலவாகும் என்கிறார் வக்கீல். எங்கள் காலத்துக்குப் பிறகு இவன் கதி என்ன? மகள் கோவையில் இருக்கிறாள். அவள் தலையில் கட்டிவிடாதே என்கிறார்கள் உறவினர்கள். - பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: சகோதரி, வக்கீலை விட்டுவிட்டு முதலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் மகன் விஷயத்தில் கோர்ட் தேவையில்லை.

வங்கியில் கேட்டதில் தப்பில்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், அவன் எந்த நிலையில் இருந்தாலும், பெற்றோர் இயல்பான காப்பாளர் என்பது சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகிறது. இதற்காகத்தான் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். (மனநோய்க்குப் பொருந்தாது, அவர்கள் வழி வேறு.) மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு என்று ஒன்று இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அதில் உறுப்பினர்கள். சட்டப்பூர்வ காப்பாளராக உங்களை நியமிப்பது அந்தக் குழுதான். விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவச் சான்று, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), வயதுச் சான்று, உங்கள் இருவரின் ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். குழு தினமும் கூடுவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினாலே பெரிது. அதனால் விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு கடமையும் கூடவே வருகிறது. மகன் பேரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை ஆறு மாதத்துக்குள் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு வருஷா வருஷம் கணக்கு. பயப்பட வேண்டாம், பாஸ்புக்கும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

இந்தச் சான்றிதழை முதலில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கணவரின் பென்ஷன். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குப் பின்? சம்பாதிக்க இயலாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும். கல்யாண வயசு, 25 வயசு என்ற வரம்பெல்லாம் இவனுக்கு இல்லை. காப்பாளர் வாங்கிக்கொடுக்கலாம். ஊரில் எத்தனையோ குடும்பங்கள் இதைத் தெரியாமலே விட்டிருக்கின்றன. பெற்றோர் போன பிறகு அண்ணனோ தங்கையோ பழைய பைலைத் தேடி அலைகிறார்கள். கணவர் நடமாடும்போதே, கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, மருத்துவச் சான்றோடு மகன் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு அரசுப் பக்கம் இருக்கிற ஆகப் பெரிய பதில் இதுதான்.

இனி மாதத் தொகை. தெருவில் சொன்னதை நம்பி இத்தனை வருஷம் விட்டுவிட்டீர்களே என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதற்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது. வருமானம் பார்ப்பது வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம், கடுமையான பாதிப்பு என்றால் 75 சதவீதம் சான்றில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்கத் தவறினால் பணம் நின்றுபோகும், அதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

2,000 போதுமா? பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்தாலே மாதம் முடிவதற்குள் அது கரைந்துவிடும். ஒரு மனுஷி 27 வருஷமாகப் பார்க்கிற வேலைக்கு இதில் கூலியே இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் பார்த்துக்கொள்பவருக்கென்றே 600 ரூபாய் உண்டு; சின்னத் தொகைதான், ஆனாலும் அந்த உழைப்புக்கு ஒரு கணக்குத் தலைப்பாவது இருக்கிறது. நீங்களும் அலுவலகத்துக்குப் போகிற அன்றைக்கே, மகனை 'அதிக ஆதரவுத் தேவை' உள்ளவராக மதிப்பீடு செய்யச் சொல்லித் தனியாக ஒரு மனு கொடுத்துவிடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் நிராமயா. முன்னே சொன்ன 1999 சட்டத்தில் அமைந்த தேசிய அறக்கட்டளை என்ற அரசு அமைப்பின் மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. இதன் அருமை என்னவென்றால், மருத்துவமனையில் படுக்காமலே பார்க்கும் வைத்தியத்துக்கும் பிசியோதெரபிக்கும்கூடப் பணம் திரும்ப வாங்கலாம். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூட வருகிற ஒருவருக்கும் டிக்கெட் இல்லை என்பது தெரிந்ததுதானே.

இடுப்பு வலியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவனுக்குப் பயிற்சி கொடுப்பார் என்பதோடு, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு அவனை எப்படி மாற்றுவது என்று உங்களுக்கும் காட்டித் தருவார். அவன் அக்குளில் கை கொடுத்து இழுப்பதை நிறுத்துங்கள்; அதில்தான் அம்மாக்களின் முதுகு போகிறது.

மகள் விஷயத்தில் உறவினர்கள் பேச்சை நான் ஏற்க மாட்டேன். அவளைக் கேட்காமலே அவள் சார்பில் எல்லாரும் பதில் சொல்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, காப்பாளர் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், நிராமயா அட்டை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிப் பேசுங்கள். வீட்டை யார் பேரில் எழுதுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். காப்பாளர் ஏற்பாடு இல்லாமல் நேரடியாக மகன் பேரில் எழுதிவிட்டால் பிறகு அவசரத்துக்கு விற்கவும் முடியாது. பொறுப்பேற்க அவள் சம்மதித்தால், உங்களுக்குப் பிறகு இதே குழுவிடம் அவள் விண்ணப்பிக்கலாம். முடியாது என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு உறவினரையும், தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தையும்கூடக் காப்பாளராக நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி ஒரு நிறுவனத்தைத் தேட வேண்டி வந்தால், நீங்கள் நேரில் போய்ப் பார்த்து, அவனையும் ரெண்டு நாள் அங்கே பழகவிட்டு முடிவு செய்ய இப்போது உங்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது.