தெருக்குழாய்த் தண்ணீரில் கிருமி: கேட்டவர்களுக்குப் பதில்

ஆய்வகத்தில் குடிநீர் மாதிரிகள் பார்த்தவன் என்பதால், இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: தம்பி, ஆர்.ஓ. விற்க வந்தவர் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து, எங்கள் குழாய்த் தண்ணீர் நல்லது என்றார். இனியும் சோதிக்கணுமா?

கட்டாயம் சோதிக்கணும் அக்கா. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது மனிதர், ஆடுமாடுகளின் குடலில் வாழ்வது. தண்ணீரில் அது தென்பட்டால் எங்கோ மலம் கலக்கிறது. டைபாய்டு, காலராவுக்கும் அதே வழிதான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுகிறார்களே அண்ணே, அப்புறம் எப்படிக் கிருமி வரும்?

தொட்டியைத் தாண்டியபின் வரும். கடைசித் தெருவில் தண்ணீர் ஏறாது என்று பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். ஐப்பசி மழையில் அப்படி ஒரு பள்ளத்தைப் பார்த்தேன்: குழாயின் வாய் சாக்கடைத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது, மேலே பாசி. தண்ணீர் விடுவது நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் இதே கதிதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதனால் குளோரினைக் கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். குளோராஸ்கோப் என்ற குளோரின் சோதனைக் கருவியில் தண்ணீரைப் பிடித்து அதற்கான சொட்டு மருந்தை விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். வரவே இல்லையென்றால் அன்றைக்கே தொட்டி ஆபரேட்டரிடம் சொல்லுங்கள்.

பாபநாசத்திலிருந்து: மாதிரியைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கலாமா?

கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது கிருமி நீக்கிய பாட்டில் ஆகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்டு அவர்கள் தரும் பாட்டிலை வாங்குங்கள். உள்ளே சோடியம் தயோசல்பேட் இருக்கும், கழுவிவிடாதீர்கள்; வழியில் குளோரின் கிருமியைக் கொன்று முடிவை மாற்றாமல் தடுப்பது அதுதான். குழாயில் கட்டிய துணியை அவிழ்த்து, குழாயின் வாயைத் துடைத்து நெருப்பில் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். பிளாஸ்டிக் குழாயைச் சுட முடியாது, பிளீச்சிங் கரைசலால் துடைத்தால் போதும். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, மூடியைத் தரையிலும் வைக்கக் கூடாது. கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். பல மாதிரிகள் கெடுவது பிடிக்கிற கையில்தான்.

சீர்காழியிலிருந்து: தண்ணீரில் மலக்கலப்பைச் சோதிக்கப் பஞ்சாயத்தில் தந்த எச்2எஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், மறுநாள் கறுத்துவிட்டது. பயமாக இருக்கிறது.

24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கலப்பு இருக்கலாம் என்று பொருள். ஊற்றிய உடனே கறுத்திருந்தால் வேறு: சில ஆழ்துளைக் கிணறுகளில் அழுகிய முட்டை வாடையோடு வரும் வாயுவே அப்படிச் செய்யும். உங்களுக்கு மறுநாள்தான் கறுத்தது, ஆகவே ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். முடிவு வரும்வரை தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதே பாத்திரத்தில் மூடி வைத்துக் குடியுங்கள். கறுத்த பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதில் கிருமி பெருகியிருக்கும். பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கக்கூஸில் கொட்டுங்கள்.