ஓப்பன் சோர்ஸும் பதிப்புரிமையும்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இணையத்தில் ஒரு நிரல் கிடைத்தது. லைசென்ஸ் எதுவும் போடவில்லை. எடுத்துக்கொள்ளலாம்தானே சார்?

கூடாது. நிரலை எழுதியதுமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லைசென்ஸ் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்த பிறகு, நிபந்தனையை மீறினார் என்று கோர்ட்டுக்குப் போக முடியுமா?

தாராளமாக. அமெரிக்காவில் ஜேக்கப்சன் என்பவர், சிறிய மாடல் ரயில்களை இயக்கும் மென்பொருளை ஓப்பன் சோர்ஸாக, அதாவது மூலநிரலை யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற லைசென்ஸோடு வெளியிட்டார். அதன் கோப்புகளை எடுத்துத் தன் மென்பொருளில் சேர்த்த நிறுவனம், எழுதியவர்களின் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் போடவில்லை. எதை மாற்றினோம் என்றும் சொல்லவில்லை. கீழ் கோர்ட் இதை வெறும் ஒப்பந்த மீறலாகத்தான் பார்த்தது. அப்படியே விட்டிருந்தால், காசு வாங்காமல் கொடுத்த பொருளுக்கு என்ன நஷ்டஈடு கேட்பது? 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயரைப் போடு, மாற்றத்தைச் சொல் என்பவை அனுமதிக்கான நிபந்தனைகள். அவற்றை மீறிப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறல் என்றது. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களுக்கு வலு வருவதே பதிப்புரிமைச் சட்டத்திலிருந்துதான். அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதால் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

கேள்வி: ஜிபிஎல் என்ற லைசென்ஸில் வரும் லைப்ரரி (பிறர் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்தால் எங்கள் கம்பெனி கோடு முழுவதையும் வெளியிட வேண்டுமா அண்ணா?

கம்பெனிக்குள்ளேயே பயன்படுத்தினால் தேவையில்லை. ஒரே மென்பொருளாக இணைத்து வெளியாருக்குக் கொடுத்தால், முழுவதும் ஜிபிஎல்-இல் வரவேண்டும் என்பது நிபந்தனை. அப்போதும் மூலநிரலை ஊருக்கே போட வேண்டியதில்லை. மென்பொருளைப் பெற்றவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆனால் அவர்கள் பிறருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்க முடியாது. ஜிபிஎல்-இன் கடுமையான வகையான ஏஜிபிஎல் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அந்த நிரலை மாற்றி சர்வரில் ஓட்டினாலே, நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துவோருக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். சேர்த்த பிறகு வக்கீலைத் தேடாமல், சேர்க்கும் முன்பே லைசென்ஸ் கோப்பைத் திறந்து படியுங்கள் தம்பி.

கேள்வி: எம்ஐடி, அப்பாச்சி என்ற இரண்டு லைசென்ஸ்களில் எதை எடுப்பது?

காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய கவலை இருந்தால் அப்பாச்சி 2.0. பங்களித்தவர்கள் தங்கள் பங்களிப்பு தொடர்பான காப்புரிமைக்கும் அனுமதி தருகிறார்கள் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எம்ஐடியில் அப்படி ஒரு வரி கிடையாது.

கேள்வி: ஃபோர்க் செய்தால், அதாவது பிறர் நிரலை எடுத்துத் தனியாக வளர்த்தால், அதே பெயரில் வெளியிடலாமா?

பெயர் வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டத்தின் கீழ் வரும், அது தனி. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை மாற்றி வெளியிட்ட டெபியன் என்ற லினக்ஸ் திட்டம், பெயர் விவகாரத்தால் 2006-இல் அதை ஐஸ்வீசல் ஆக்கியது. 2016-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது.

கேள்வி: எங்கள் திட்டத்தின் லைசென்ஸைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாமா?

முழுக்க நீங்களே எழுதியது என்றால் புதிய பதிப்புகளுக்கு மாற்றலாம். பழையதைப் பெற்றவர்களின் உரிமை அப்படியே இருக்கும். பலர் எழுதியிருந்தால், அவரவர் பகுதிக்கு அவரவர்தான் உரிமையாளர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஆயிரக்கணக்கானோரின் கோடு இருக்கிறது. அவர்கள் எல்லோரிடமும் சம்மதம் வாங்குவது நடக்காத காரியம் என்பதும் அது ஜிபிஎல்-இன் இரண்டாம் பதிப்பிலேயே இருப்பதற்கு ஒரு காரணம். மாற்றும் எண்ணம் இருந்தால், முதல் பங்களிப்பை ஏற்கும் முன்பே அதற்கான ஒப்பந்தத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.